இரண்டு மேடுகள்

கவரைப்பேட்டையில் வாழும் கல்பனா, கும்மிடிப்பூண்டியில் உள்ள உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கிறார். வாஷர்களின் தடிமன் வழக்கமாக எப்படிப் பரவியிருக்கும், இன்று எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒப்பிட்டு, இரு பரவல்களுக்கும் இடையிலான தொலைவை ஒரே எண்ணாகக் காட்டும் நிரலை எழுதியவர் அவரே. எண் பெரிதானால் எங்கோ ஏதோ மாறிவிட்டது என்று பொருள்.

ஆயுத பூசை விடுமுறை முடிந்த காலை, அந்த எண் ஏறித் திரை சிவந்தது. சரக்கு ஏற்ற லாரி காத்திருந்தது. மேலாளர் அன்புசெல்வன் விரைந்து வந்தார்.

"ஒரு பீஸாவது லிமிட்ட தாண்டிச்சா?"

"இல்ல சார். ஆனா மொத்தமா பாத்தா பழைய மாதிரி இல்ல."

"எட்வர்ட் மெஷின்தானே? செட்டிங்க மாத்தியிருப்பான். இவனுக்குப் போய் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து போட இருந்தேன்!"

அந்த இயந்திரத்தை ஓட்டும் எட்வர்ட் பல ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. "இன்னாக்கா, உங்க கம்ப்யூட்டரு என் சோத்துல மண்ண போடுது?" என்று சிரிக்க முயன்றார்.

கல்பனா அளவுகளை வரைபடமாக்கினார். ஒரே மேடாக எழ வேண்டிய வளைவு இரண்டு மேடுகளாகப் பிளந்திருந்தது. வாஷர் அடிக்கும் இயந்திரம் ஒன்று. அளக்கும் மானிகளோ இரண்டு. அவற்றின் அளவுகளைத் தனித்தனியே பிரித்தார். இரண்டாம் மானியின் மேடு மட்டுமே விலகி நின்றது.

ஓடிச் சென்று பார்த்தார். வாஷர் அமரும் இடத்தில், காய்ந்த சந்தனமும் குங்குமமும் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தன.

"யாரு பொட்டு வெச்சது?"

எட்வர்ட் வெளிறினார். "நான்தான்கா. பூசைக்கு நீங்க லீவு. எல்லா மெஷினும் பொட்டு வெச்சிகினு நிக்குது, உங்குளுதுல இது மட்டும் மொட்டையா இருந்துச்சி. மனசு கேக்கல."

"நீ சர்ச்சுக்குப் போறவனாச்சே!"

"மெஷினு எந்தக் கோயிலுக்குப் போவுதுன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்?"

துடைத்து, மறுபடி அளந்தனர். மேடுகள் ஒன்றாயின, எண் இறங்கியது.

"யார் பண்ண வேலை இது?" என்றார் அன்புசெல்வன்.

கல்பனா முந்திக்கொண்டார். "பொட்டு வெச்சது எட்வர்ட், சார். ஆனா ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மானியத் தொடச்சி, அளவு தெரிஞ்ச மாதிரி வாஷர் வெச்சி சரிபாக்கறது என் வேல. அவசரத்துல பாக்கல. மெமோ எனக்குக் குடுங்க."

"கண்டிப்பா உண்டு." அவர் எட்வர்ட் பக்கம் திரும்பினார். "செட்டிங்ல கை வெச்சியா?"

"தொடவே இல்ல சார்."

"அந்த பர்மனென்ட் ஆர்டர எடுத்துட்டு வா" என்ற அன்புசெல்வன், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.