பூட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமை

தெருவில் எந்த வீட்டுப் பூட்டு முரண்டு பிடித்தாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பூட்டின் மேல் காதை வைத்து, கம்பியை உள்ளே விட்டு, குழந்தையைத் தூங்கவைப்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். பூட்டு திறந்துவிடும். அவர் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கயிற்றில் தொங்குகிறது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும். அதுதான் அந்தக் கதவுக்குப் பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தூண்டிலோடு கடற்கரைப் பாறைக்குப் போய்விடுவார். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கும் வழக்கம். தெரு அவருக்குக் கொக்கு என்று பேர் வைத்தது.

"கொக்குன்னா மீன் பிடிக்குமே, மச்சான்" என்பான் மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்காது.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. ஒரு ஞாயிறு கூடை நிறையும், மறு ஞாயிறு காயும். இரை சரியில்லை, காற்று சரியில்லை, கிளம்பும்போது நீ தும்மினாய் என்று மனைவி மேல் பழி போடுவார். ஒருமுறை திறந்த விதத்தில்தான் பூட்டு மறுமுறையும் திறக்கும். கடலும் அப்படித்தான் என்று நினைத்து, வாராவாரம் அதே நேரத்துக்குப் போய் நின்றார்.

அப்படி ஒரு காய்ந்த ஞாயிறன்று தம்பி சாப்பிட வந்திருந்தான். மீனை நம்பி வேறொன்றும் சமைக்கவில்லை. தம்பி வெறும் சோற்றைப் பிசைந்தபடி அக்காவைப் பார்க்க, அவளுக்கு மானம் போனது.

"அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வீட்டுக்கு வரணும். வரலேன்னா தூண்டில் தம்பிக்கு" என்றாள்.

"அக்கா சொன்னா சரி" என்றான் தம்பி, தூண்டிலைக் கண்ணாலேயே அளந்துகொண்டு.

மறுநாள் காலையில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டிலேயே இருந்தார். பொழுது போகாமல் அலமாரிப் பூட்டைக் கழற்றி மாட்டினார். வாரம் முழுக்க அவள் புடவையெல்லாம் உள்ளேயே கிடந்தது. தூண்டில் போனால் இந்த மனிதர் எல்லா ஞாயிறும் வீட்டில் அல்லவா இருப்பார்? சொன்ன சொல்லை விழுங்கவும் முடியவில்லை. வாரம் முழுக்க அவள் தும்மலை அடக்கினாள்.

அவரும் சும்மா இல்லை. பாறையில் சிப்பி பறிக்கும் பெண்ணிடம் போய் விசாரித்தார்.

"கடல் தினமும் கொஞ்சம் பிந்தித்தான் ஏறும், அண்ணே. போன வாரம் தண்ணி ஏறின நேரத்துக்கு இந்த வாரம் வடியும். ஏறும்போது பாறை இடுக்குல இருக்கிற புழு, நண்டெல்லாம் கிளம்பும். அதைத் தின்னத்தான் மீன் வரும்" என்றாள்.

அந்த ஞாயிறு, தண்ணீர் வற்றிக் கிடந்த நேரமாகப் பார்த்துப் போனார். காய்ந்த பள்ளத்தை நடந்தே தாண்டி வெளிப்பாறையில் ஏறிக்கொண்டார். தண்ணீர் ஏறியது. மீன் வந்தது. விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் வாணலி காய்ந்தது. தம்பி கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆளைக் காணோம். அக்காவும் தம்பியும் கரைக்குப் போனார்கள். பாறை உச்சியில் கொக்கு பத்திரமாக நின்றது. நடுவில் பள்ளம் நிறைய கடல். அவருக்கு நீச்சல் தெரியாது.

"மீன் பிடிச்சாச்சு" என்று கூடையைத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தா வயிறு நிறையுமா, மச்சான்? தண்ணி வடிய சாயங்காலம் ஆகும். தூண்டிலை எப்ப தர்றீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தூண்டில் நுனியைப் பார்த்தாள். அப்புறம் தன் காலடி மணலைப் பார்த்தாள்.

அவருக்குப் புரிந்தது. ஒரு மீனை நூலில் கட்டிக் கரைப் பக்கம் வீசினார். தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினார். இந்த முறை தம்பியின் நெஞ்சில் பட்டு விழுந்தது. அவள் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாகக் கூடை முழுக்கக் கரையேறியது.

"இது செல்லாதுக்கா. மச்சானும் வரணும்" என்றான் தம்பி, சட்டையில் ஒட்டிய செதிலைத் தட்டிக்கொண்டு.

"மீன் வரணும்னுதானே சொன்னேன்? ஆளும் வரணும்னு எப்ப சொன்னேன்? நட, வாணலி தீயுது."

மீனை முந்தானையில் ஏந்திக்கொண்டு போய்விட்டாள்.

பூட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தூண்டிலை அதன் ஆணியில் மாட்டிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். சோறு இருந்தது.

"மீன்?"

"தம்பிக்கு நல்ல பசி" என்றாள். "அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்க. நான் கட்டுச்சோறு தர்றேன்."