செங்கல்லுக்கு உரிமை கோரிய அப்பா

ஜெர்சி சிட்டியில் எங்கள் மேல்வீட்டுக்காரி கஜகஸ்தானிலிருந்து வந்தவள். என் வயதுதான். நான் வேலைக்குப் போகும்போது குழந்தையை அவளிடம்தான் விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. கூடாரத்தில் கிடந்த உங்களுக்கு வீடு கட்டக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று பள்ளிக்கூடத்தில் ரஷ்ய டீச்சர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். செங்கல்லை ரஷ்ய மொழியில் கிர்பிச் என்பார்கள். தங்கள் ஊரில் வழங்கும் பெயரும் அவர்கள் கொடுத்ததுதான் என்று நம்பியிருந்தாள். முந்தின நாள் நூலகத்து அகராதியைப் பார்த்தால் கதை தலைகீழ். அவளுடைய கஜக் மொழியும் சேர்ந்த துருக்கிய மொழிக் குடும்பத்திலிருந்துதான் அது ரஷ்யர்களுக்கும் பல்கேரியர்களுக்கும் செர்பியர்களுக்கும் போயிருக்கிறதாம்.

"அது எங்க ஆளுங்க வார்த்தை" என்று மேஜையைத் தட்டிச் சொன்னாள்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா காபியைக் கீழே வைத்தார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த மொழிச் சொல்லைக் கொடுத்தாலும், பிரித்துப் போட்டு உள்ளே தமிழைக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. காலேஜில் இப்படிப்பட்ட மேடைப் பேச்சுகளுக்கு விழுந்து விழுந்து கைதட்டியவள்தான் நானும்.

"அதுக்கும் முன்னாடி அது தமிழ், மேடம்" என்று தன் ஆபீஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தார். "கீறு, பிசை. மண்ணைக் கீறி எடுத்துத் தண்ணி விட்டுப் பிசையறோம் இல்லையா? கீறுபிசை, கிர்பிச்." இரண்டு கையாலும் காற்றில் பிசைந்தே காட்டினார்.

"அப்பா, சும்மா இருங்களேன்" என்றேன் தமிழில்.

"நீ எக்ஸ்ப்ளெயின் பண்ணும்மா. அவங்களுக்குப் புரியலை."

அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. சிரிப்பு போய்விட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நேத்துதான் சார் அது எங்களோடதுன்னு தெரிஞ்சுது" என்றாள் மெதுவாக. "கொஞ்ச நாளாவது எங்ககிட்ட இருக்கட்டுமே."

அப்பா கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடி, எழுந்து நின்று கைகூப்பினார்.

"சாரி, மேடம். நீங்களே வச்சுக்கோங்க. தமிழ்ல நிறைய இருக்கு."

அவளுடையதை அவளுக்கே தானம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் காபியை எடுத்துக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.