உப்புப் போடுவதும் பதனிடுவதும்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆம்பூர் தோல் மண்டியில் ஆறு வருஷம் பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டேன். பிறகு டைப் கற்றுக்கொண்டு வேலூரில் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன். அங்கேதான் இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தன் புத்தகத்தை அடிக்கக் கொடுத்தார். யூத மதகுருமாரான ரபிகள் தொகுத்த பழைய சட்டங்களில் எந்த வரி எந்தக் காலத்தது, எது பின்னால் நுழைந்தது என்று கிளறிப் பார்க்கிற ஆராய்ச்சி. எனக்குப் பாதி புரியாது. பிழை விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படிப்பேன்.

ஓய்வுநாளில் செய்யக் கூடாத முப்பத்தொன்பது வேலைகளின் பட்டியல் வந்தது. தோலுக்கு உப்புப் போடுவதும் இருந்தது, பதனிடுவதும் இருந்தது. இரண்டும் ஒரே வேலை, ஆகவே ஒன்று எண்ணிக்கையை நிரப்பப் பிற்காலத்தில் சேர்த்தது என்று ஐயா எழுதியிருந்தார்.

மண்டியில் அவை வேறு வேறு வேலை. சொன்னால் ஐயா கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் தப்பு அச்சாகிவிடும்.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? குடுத்தத அடி," என்றார் கடைக்காரர்.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தை அடிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஐயா வந்ததும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"உப்புப் போட்டா தோல் கெடாது, அவ்வளவுதாங்கய்யா. தண்ணில ஊறவச்சா திரும்பப் பச்சைத்தோல்தான். சுண்ணாம்புல போட்டு, முடி எடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணில கெடந்தாத்தான் பதம். அதுக்கு ஆளே வேற."

"பழைய உரைகாரங்களே ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேக்குறாங்களேம்மா?"

"அவங்க மண்டிப் பக்கம் வந்திருக்காங்களாய்யா?"

"டாக்டர் பட்டமே வாங்கிட்டா பாருங்க," என்று கடைக்காரர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

"ஆம்பூர் வழக்கம் அந்த நாட்டுல, அந்தக் காலத்துல இருந்துச்சுன்னு எப்படிச் சொல்வ?"

"தெரியாதுங்க. ஆனா ரெண்டும் ஒண்ணேதான்னு நீங்களும் அடிச்சுச் சொல்ல முடியாது இல்லீங்களா?"

தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் ஆளைக் காணோம். கடைக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தேன். இருந்தாலும், திரும்பக் கேட்டால் அதையேதான் சொல்வது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

மூன்றாம் வாரம் ஐயா வந்தார். அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, 'இவை தனித்தனி வேலைகளாக இருந்திருக்கலாம். பிற்சேர்க்கை என்பதற்கு இது மட்டும் ஆதாரமாகாது' என்று எழுதியிருந்தார்.

"இப்ப சரியாம்மா?"

"உப்பு சரிங்கய்யா. கீழே முடி சுரண்டுறதப் பத்தி எழுதியிருக்கீங்களே, அதையும் பேசிடணும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.