அத்தை தராத பெயர்

என் கடைசித் தங்கைக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நாங்கள் குடியிருந்த காக்ஸ் டவுனிலேயே என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்கு ஆறு வயது. அது என் அத்தையின் பெயர். அத்தை என்றால் எனக்கு உயிர்.

அப்பாவின் அக்காவான அவள் எங்களோடுதான் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சோற்றுத்தட்டின் மேல் கையை மறித்து நாங்கள் தினமும் சொல்கிற 'போதும்'தான் அவள் பெயரிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெயர் என்றால் பெயர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சாக்கம்மா அவளுக்கு உயிர்த்தோழி. கன்னடத்தில் 'சாக்கு' என்றாலும் போதும் என்றுதான் அர்த்தம். தெருவில் நாள் முழுக்கக் கன்னடம் பேசித் திரிந்த எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

பெயரைத் தேர்ந்தெடுத்தவர் தாத்தா. இதற்காகவே ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஏற்கெனவே நாங்கள் மூன்று பெண்கள், நான்காவதும் பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

"உங்க அக்காளுக்கு அந்தப் பேரு வச்ச மறுவருசமே நீ பொறந்தே. கைகண்ட மருந்துடா" என்றார் தாத்தா அப்பாவிடம். அத்தை அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அப்பா தலையாட்டினார். அந்த மருந்து பலித்ததற்குச் சாட்சியே அவர்தான். வேறு என்ன சொல்வார், பாவம்.

எங்கள் வழக்கத்தில் பெயர் சொல்கிற உரிமை அத்தைக்குத்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காதை வெற்றிலையால் மறைத்து, மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. காதில் விழுந்த பெயரை அப்புறம் மாற்றக்கூடாது. தாத்தா யார் பேச்சை மீறினாலும் சாத்திரத்தை மீறமாட்டார்.

பெயர் வைக்கும்போது நான் அத்தையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்து முணுமுணுத்தாள். நிமிர்ந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"மாலினி" என்றாள்.

"இன்னாது?" என்றார் தாத்தா.

"மாலினி, நைனா."

"நான் சொன்ன பேரு இன்னா, நீ வச்சது இன்னா? அதுக்கு அர்த்தமாவது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது நைனா. அர்த்தம் தெரியலன்னுதான் வச்சேன்."

திரும்ப ஒழுங்காகச் சொல் என்று தாத்தா எழுந்துவிட்டார். அத்தை குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அதற்குள் சாக்கம்மா குறுக்கே புகுந்து, சர்க்கரைத் தட்டைத் தாத்தாவின் முன்னால் நீட்டினாள்.

"கிவிகெ பித்து. ஆயித்து" என்றாள். காதில் விழுந்தாயிற்று, முடிந்தது என்று அர்த்தம். தாத்தாவுக்குக் கன்னடம் தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது. சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

அம்மா கையை நீட்டிக் குழந்தையைக் கேட்டு வாங்கினாள். அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "மாலினி, மாலினி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

நான் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அத்தை தேடி வந்தாள்.

"ஏன் அத்தை பாப்பாவுக்கு உன் பேரைக் குடுக்கல?"

புடவைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அது என்னோடவே இருந்துட்டுப் போவட்டும், கண்ணு."

அவள் கையைத் தள்ளிவிட்டேன். ஒரு பெயரைக் கொடுப்பதில் அத்தைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று மனசு ஆறவில்லை. பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. பாப்பாவுக்குத் தராமல் அந்தப் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டாள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.