லைப்ரரிக்குள் இறங்காத டீபக்கர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பட்டாபிராமிலிருந்து ரயிலேறி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண்.

பேரிங் வளையங்களை அளந்து பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று எங்கள் புரோகிராமில் ஓடியது. ஒவ்வொரு தட்டிலும் கடைசி வளையம் மட்டும் தவறான பெட்டியில் விழுகிறது என்று தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன்.

புரோகிராமை, தப்பு தேட உதவும் டீபக்கரில் போட்டு, வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். எங்கள் வரி ஏதாவது ஒரு பட்டியலைத் தொட்டால் போதும், டீபக்கர், கம்பைலர் மென்பொருளோடு ஆயத்தமாக வந்த நிரல் தொகுப்பான ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் இறங்கிவிடும். திரை முழுக்க யாரோ எழுதிய, வாயில் நுழையாத பெயர்கள். வெளியே வந்தால் அடுத்த நொடியே மறுபடி உள்ளே. தாண்டிப் போகும் விசையை அழுத்தினாலோ, அதே வரி கூப்பிடும், நாங்கள் எழுதிய துணை நிரலான ஃபங்ஷனையும் சேர்த்துத் தாண்டிவிடும்.

"இன்னாம்மா இது, நம்ம ஊட்டுக்கு வழி கேட்டா ஊரையே சுத்திக் காட்டுது!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். நூம்பலிலிருந்து சைக்கிளில் வருகிறவர், எனக்கு மூத்தவர். "லைப்ரரிலதான் கோளாறு கீது. பார்ட்டிகிட்ட அப்டியே சொல்லிடலாம்."

"அதைத்தான்ணா எல்லாரும் யூஸ் பண்றாங்க. அவங்களுக்கெல்லாம் சரியா வருதே. தப்பு நம்மகிட்டதான்."

மறுநாள் காலை லேடீஸ் பெட்டியில், இன்னொரு கம்பெனியில் வேலை பார்க்கும் தோழியிடம் புலம்பினேன். டீபக்கரின் செட்டிங் ஃபைலில் ஏதோ எழுதினால் அது லைப்ரரிக்குள் போகாதாம். என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் போனதும் அந்த ஃபைலைத் தேடிப் பிடித்தேன். ஒரு மாதிரி எழுதினேன், அசையவில்லை. வேறு மாதிரி எழுதினேன், டீபக்கர் திறக்கவே மறுத்தது. கடைசியில், லைப்ரரிப் பெயர்களுக்கு முன்னால் வரும் அடைமொழியைப் போட்டு, பக்கத்தில் 'எல்லாமும்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி வைத்து, உள்ளே போகாதே என்று எழுதினேன். உள்ளே இறங்கும் விசையை அழுத்தினேன். லைப்ரரியைத் தொடாமல் நேராக எங்கள் ஃபங்ஷனுக்குள் போய் நின்றது!

"அண்ணா, இங்க வாங்களேன்!"

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் நாங்கள் எழுதியவை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தப்பு கண்ணில் பட்டது. வளையங்களை எண்ணிப் போகும் சுற்று, கடைசிக்கு ஒன்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. திருத்தியது ஒரே ஒரு குறி.

சாயங்காலம் இரண்டு பேரும் தொழிற்சாலைக்குப் போனோம். தட்டு ஓடியது. கடைசி வளையம் உருண்டு வந்து தன் பெட்டியில் விழுந்தது. சூப்பர்வைசர் நேராக அண்ணாவுக்குக் கை கொடுக்க வந்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார்? கண்டுபுட்சது இவங்க" என்று அவர் விலகி நின்றார்.

நான் கையை நீட்டினேன். கூச்சமே வரவில்லை.