வாசலில் கேட்ட மன்னிப்பு

அந்தத் தாதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஊசி போட்டால் நோகாது. வாய்தான் ஓட்டை.

சண்டைக் காலம் அது. அன்புவழிபுரத்தில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா விடியவே இடியப்பம் அவித்து, துறைமுகப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில்தான் எங்கள் சீவியம். அந்த வருடம் அவருக்குச் சயரோகம், ஊர் வாயில் கசம், வந்தது. அவிப்பதை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் மருந்து குடித்தார். ஊருக்கு முழங்கால் வருத்தம் என்று சொல்லிவைத்தோம். சளியில் கிருமி இல்லை, இனி ஆருக்கும் தொற்றாது, மிச்ச மருந்தை மட்டும் குடித்து முடியுங்கள் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் திரும்ப வேலையைத் தொடங்கினார்.

ஒருநாள் காலை, சோதனைச் சாவடியில் பெண்கள் வரிசையில் நிற்கிறோம். அம்மாவின் கையில் இடியப்பப் பெட்டி. சுற்றிவர எங்கள் ஒழுங்கைச் சனம். நெஞ்சுநோய்க் கிளினிக்கில் வேலை செய்த அந்தத் தாதி நாலு பேருக்குப் பின்னால் நின்றார். எங்களைக் கண்டதும் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"அக்கா, போன கிழமை கிளினிக்குக்கு வரேல்லையே? கசத்து மருந்தை இடையில விடக்கூடாது, தெரியும்தானே!"

போன கிழமை றோட்டுப் பூட்டியிருந்தது, அது அவருக்கும் தெரியும். அக்கறையாம். அக்கறைக்கு இவ்வளவு சத்தம் எதற்கு? முன்னால் நின்றவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். அடுத்த நாள் கடை முதலாளி பெட்டியைத் திறக்கவே இல்லை. "கொஞ்ச நாளைக்கு வேணாம், அக்கா," என்றார், முகத்தைப் பார்க்காமல். அதன்பிறகு ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் மட்டும் எங்களிடம் வாங்கினார்கள்.

அம்மா அதோடு விட்டுவிட்டார். எனக்கு ஏலவில்லை. கிளினிக்குக்குப் போய் டொக்டருக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"ஒரு ஆளின்ட வருத்தத்தை றோட்டில சொல்ல ஆர் இவவுக்கு உரிமை குடுத்தது? அம்மாட்ட வந்து மன்னிப்புக் கேக்கோணும்."

"ஓம், பிழைதான். நான் சொல்லுறன்," என்றார் டொக்டர். எங்கே, எப்படிக் கேட்க வேண்டும் என்று அவரும் யோசிக்கவில்லை, புத்திகெட்ட நானும் யோசிக்கவில்லை.

தாதி வந்தார். பட்டப்பகலில், வெள்ளைச் சீருடையோடு, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து படலைக்கு வெளியே நின்றார்.

"அக்கா, உங்கட கசத்தைப் பற்றி நான் அங்க கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

சாவடியில் கேட்காமல் விட்டவர்களுக்கும் இப்போது கேட்டது. வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. அவர்களைப் பார்த்து, "இவவால இப்ப ஒருத்தருக்கும் தொற்றாது, பயப்பிடாதேங்கோ," என்று விளக்கமும் கொடுத்தார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ, மிஸ்ஸி," என்று கூப்பிட்டு, முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். தாதி கோப்பையைக் கையில் வாங்கினார். பார்த்தார். பிறகு கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனான், அக்கா."

"ஒரு வாய் குடியுங்கோ," என்றேன். "வேலியில நிக்கிறவை பாக்கட்டும்."

நேரமாகிறது என்று எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் அந்த இரண்டு வீட்டுக்காரரும் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மருந்து கொடுத்தவரே தேத்தண்ணி குடிக்கப் பயந்த வீட்டில், அவர்கள் எதை நம்பி இடியப்பம் வாங்குவார்கள்?