உள்பக்கத்தை வெளியே வைத்துக் கட்டிய கூடாரம்

புது கேன்வாஸ் துணிக்கு ஒரு வாசனை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... மூக்கில் ஏறிவிட்டால் சாப்பிடும் சோற்றிலும் அதுதான் மணக்கும். புனேயில் நிக்டி பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைத்தவள் நான். என் முந்தானையில் எப்போதும் அந்த வாசனை.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிக்க வைக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். சொல்லப்போவது என் கதை.

கொட்டகையில் ஆளுக்கு ஒரு வேலை. கூரையின் இரண்டு பாதிகளைச் சேர்த்துத் தைப்பது நான். பக்கச் சுவர் தைப்பது செல்வி, எங்கள் வேலூர்க்காரி. கயிறு கோக்கும் பித்தளை வளையம் அடிப்பது ஷகு தாயி. மராட்டியில் தாயி என்றால் அக்கா. எங்களுக்கு அவள் அப்படித்தான். வேலை முடிந்ததும் மடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். முழுக் கூடாரம் நிமிர்ந்து நிற்பதை நாங்கள் மூவருமே பார்த்ததில்லை.

ஒரு கோடையில் டீ குடிக்கும்போது ஷகு தாயி இந்தியில் கேட்டாள், இத்தனை வருஷம் தைத்தோமே, ஒரு ராத்திரியாவது உள்ளே படுத்தோமா என்று.

அவ்வளவுதான்... பற்றிக்கொண்டது. பவனா ஏரிக்கரையில் அவள் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அளவு தப்பிய கூடாரம் ஒன்றை மேஸ்திரி இரவல் கொடுத்தார்.

சண்டை வீட்டில்தான். பையனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. இனி நீ வேலைக்குப் போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் தினமும் அதே பாட்டு. ஏரி என்றதும் எகிறிவிட்டார்.

"மூணு பொம்பளைங்க ஏரிக்கரையில படுக்கப் போறீங்களா? இருட்டறதுக்குள்ள அலறிக்கினு ஓடியாருவ."

"வரமாட்டேன்."

"வந்துட்டா?"

"வந்துட்டா வேலய வுட்டுடறேன். விடிஞ்சப்புறம் வந்தா, வேலய வுடுன்ற பேச்சு உங்க வாயில வரக்கூடாது."

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது.

சனிக்கிழமை லோக்கல் ரயிலில் காம்ஷேத், அங்கிருந்து ஷேர் ஜீப். எங்கள் மூட்டையைப் பார்த்து டிரைவர், "காய் மாவ்ஷி, லக்னாச்சா மாண்டவ் கா?" என்றான். கல்யாணப் பந்தலா என்று கிண்டல்! "ஆமாண்டா, நீதான் மாப்பிள்ள" என்று செல்வி தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் பல்லைக் காட்டினான்.

கரையில் புல் எல்லாம் காய்ந்து மஞ்சளாக இருந்தது. தண்ணீர் உள்வாங்கி, சேறு வெடித்துக் கிடந்தது. மூங்கில் நட்டோம், கயிறு இழுத்தோம்.

"சுவரு இந்தப் பக்கம்டி!"

"உன் சுவர நீயே வச்சுக்க, என் கூரையில கைய வைக்காத!"

எப்படியோ நின்றது. உள்ளே உட்கார்ந்து புளிசாதமும், ஷகு தாயியின் பாக்ரி ரொட்டியும் பச்சை மிளகாய்த் துவையலும் தின்றோம். மகாராணிகள் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து காற்று வந்தது. முதலில் புழுதி... அப்புறம் மழை. கூரைத் தையல் நெடுகத் தண்ணீர் தேங்கி, சொட்டி, கடைசியில் கூடாரமே எங்கள் தலையில் விழுந்தது. தவழ்ந்து வெளியே வந்தால், மேட்டில் கடைசி ஜீப். ஹார்ன் மேல் ஹார்ன்.

செல்வி பையைத் தூக்கிக்கொண்டாள். "வாடி, போயிடலாம். எம்புள்ளைங்க ஞாபகமா கீது."

"நீங்க போங்க. நான் வரல."

"மழையில என்னாத்த பண்ணுவ?"

"நனைவேன்."

ஷகு தாயியோ, விழுந்து கிடந்த கேன்வாஸ் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செல்வி ஜீப்பைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், வாய் நிறையத் திட்டினாள்... பையைக் கீழே போட்டாள். ஜீப் போய்விட்டது.

மழை விட்டதும் ஷகு தாயி என் தையலைத் தடவிக்கொண்டே, "அக, ஹே உல்ட்டா ஆஹே!" என்று கத்தினாள். உள்பக்கத்தை வெளியே வைத்துக் கட்டியிருக்கிறோம்! மிஷினில் உட்கார்ந்தால் துணியின் உள்பக்கம்தான் எங்களைப் பார்த்து இருக்கும். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, அதுதான் முகம் என்று மூன்று பேரும் நினைத்துவிட்டோம். சேற்றில் நின்றுகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். திருப்பிப் போட்டுக் கட்டினோம். மூங்கிலைக் கட்டும் பட்டைகள் எல்லாம் இப்போது உள்ளே, சரியான இடத்தில் இருந்தன. ஈரச் சேலையோடு படுத்தோம். கூடாரம் அசையவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். தூங்கின முகமாக இல்லை.

"மழை வந்துச்சாமே?"

"வந்துச்சு."

திங்கட்கிழமை காலை என் சாப்பாட்டு டப்பாவை அவரே மூடிக் கையில் கொடுத்தார். கொட்டகையை இழுத்து மூடும் வரை நான் வேலைக்குப் போனேன்.

இப்போது அந்தக் கரை முழுக்கக் கலர் கலராகக் கூடாரங்கள். யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள். போய்ப் படுத்தால் போதும். வாகடில் இருக்கும் என் பேத்தி சிநேகிதிகளோடு போய் வந்து போட்டோ காட்டினாள். இன்ஜினியர் அவள், சொந்தச் சம்பளம். எனக்குப் பெருமைதான். ஆனால், "பாட்டி, நீ அங்க மேனேஜ் பண்ண முடியாது, கீழ படுக்கணும்" என்றாளே...

எனக்கா?

வருகிற சனிக்கிழமை போகிறேன். செல்வியும் சாங்வியிலிருந்து முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறாள். ஷகு தாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். பையனிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

போகாதே என்று மல்லுக்கு நிற்க இன்று என் வீட்டுக்காரரும் இல்லை. அந்தச் சிரிப்பு இல்லாமல் கிளம்புவதில் ருசி கொஞ்சம் குறைவுதான்.

ஆனாலும் விடிந்த பிறகுதான் வருவேன்.